படம் தொடங்குவதற்கு முன் வந்த 22 நிமிடங்கள்

தமிழ்நாட்டுத் திரையரங்க உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களுக்கும், திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும்:

என் மகளுக்கு நான்கு வயது எட்டு மாதம். அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை முதல்முறையாகத் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். தமிழில் டப்பிங் செய்யப்பட்ட அனிமேஷன் படம். சான்றிதழ் U, அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம். அந்தப் படத்தை அவள் பார்க்கவில்லை. படம் தொடங்குவதற்குள் அழுது களைத்து, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். படத்துக்கு முன் திரையில் ஓடிய 22 நிமிடங்கள்தான் அதற்குக் காரணம். இந்த மடல் அந்த 22 நிமிடங்களைப் பற்றியது.

ஊர் திருச்சி. அரங்கின் பெயரை எழுதவில்லை. ஓர் அரங்கைக் குற்றம் சொன்னால் மற்றவர்கள் நமக்கில்லை என்று நகர்ந்துவிடுவார்கள். அதன்பிறகு நான் போய்ப் பார்த்த வேறு அரங்குகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காட்சி நேரம் 10.40. நான், மனைவி, என் அம்மா, மகள். ஆளுக்கு 190 ரூபாய். மூன்று வயதுக்கு மேல் முழு டிக்கெட் என்பதால் மகளுக்கும் அதே 190தான். கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு வாரமாக அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு எடுத்த பாவாடையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள். தியேட்டர் என்றால் என்ன என்று கேட்டபோது, "நம்ம வீட்டுச் சுவரை விடப் பெரிய டிவி" என்று அவளுடைய அப்பாயி விளக்கியிருந்தார்.

உள்ளே போனதும் முதல் சிக்கல் நாற்காலி. மடங்கும் இருக்கை. பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளை உட்கார்ந்தால் அது அவளோடு சேர்ந்து மடங்கிக்கொள்கிறது. முழங்கால் முகத்துக்கு வந்துவிட்டது. ஒரு கையால் இருக்கையின் விளிம்பை அழுத்திப் பிடித்தபடிதான் நான் உட்கார்ந்திருந்தேன். சரி, இது சின்ன விஷயம், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

10.42க்கு விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. மெல்லக் குறைந்து அணையவில்லை, பட்டென்று முழு இருட்டு. அவள் என் சட்டையைப் பிடித்தாள். அடுத்த நொடி நகைக்கடை விளம்பரத்தின் மேளச் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. பெரியவனான எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்புறம் மனைப் பிரிவு, சிமெண்ட், பள்ளிக்கூடம், இன்னொரு நகைக்கடை. விளம்பரம்தானே, முடிந்துவிடும் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் டிரெய்லர்கள் வந்தன. பொங்கலுக்கு வரிசைகட்டும் படங்கள். முதல் டிரெய்லரில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து அரிவாள் இறங்குகிறது. ரத்தம் திரை முழுக்கத் தெறிக்கிறது. தொடங்கும்போது வந்த சான்றிதழ்ப் பக்கத்தில் UA 16+ என்று போட்டிருந்ததை நான் பார்த்தேன். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டியது என்று அரசாங்கமே சொல்லும் காட்சி, யோசிக்க ஒரு நொடிகூடக் கொடுக்காமல் என் நான்கு வயது மகளின் முன்னால் ஓடியது. இரண்டாவது ஒரு பேய்ப் படம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து தூங்கும் குழந்தையின் காலைப் பிடிக்கிறது. நான் அவள் கண்ணைப் பொத்தினேன். கண்ணைப் பொத்த முடிகிறது. சத்தத்தை எப்படிப் பொத்துவது? மூன்றாவது டிரெய்லர் துப்பாக்கியும் வெடிகுண்டும். அதோடும் முடியவில்லை. வாய்ப் புற்றுநோய் பற்றிய புகையிலை எச்சரிக்கைப் படம், புண்ணும் தையலுமான முகங்களோடு.

11.04க்கு U என்று எழுதிய சான்றிதழ் திரையில் வந்தது. சுற்றிலும் இருந்த பெரிய பிள்ளைகள் கைதட்டினார்கள். "பாப்பா, பாரு, உன் படம் வந்துடுச்சு" என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. "வீட்டுக்குப் போலாம்பா" என்று மட்டும் சொன்னாள். பத்து நிமிடம் முயன்று பார்த்துவிட்டு நாங்கள் நான்கு பேரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம். வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த மாமா ஏன் அவரை வெட்டினாரு?" என்பது. பதில் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. அதற்கப்புறம் பதினோரு இரவுகள், படுக்கும் முன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் தூங்கினாள். இப்போதும் போர்வைக்கு வெளியே கால் தெரிந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.

மேலாளரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், எந்த டிரெய்லர், எந்த விளம்பரம்னு எல்லாம் மேலே முடிவு பண்ணி வருது. எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். டிக்கெட் காசைத் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னார். காசைக் கேட்டு நான் போகவில்லை. அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்காவது அந்தப் பேய் டிரெய்லரை நிறுத்துங்கள் என்றுதான் கேட்டேன். அது நடக்கவில்லை. அடுத்த காட்சிக்குப் போன பக்கத்துத் தெருக்காரர் அன்று மாலை எனக்குச் சொன்னார்.

மேலாளர் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள என் பள்ளித் தோழனைப் பிடித்தேன். தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராகப் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தவன். அவன் சொன்னது இது: பிலிம் சுருள் காலத்தில் ஒட்டியதைப் பிரிப்பது வேலைதான். இப்போது படம் ஒரு கோப்பு, ஒவ்வொரு டிரெய்லரும் ஒரு கோப்பு, ஒவ்வொரு விளம்பரமும் ஒரு கோப்பு. சர்வரில் காட்சிக்குக் காட்சி தனி ப்ளேலிஸ்ட் போடுகிறார்கள். காலைக் காட்சிக்கு ஒரு வரிசை, இரவுக் காட்சிக்கு வேறு வரிசை என்று வைப்பது சில நிமிட வேலை. படத்தின் கோப்புக்குள் கைவைக்க முடியாது. அதற்கு முன்னால் என்ன ஓட வேண்டும் என்பது முழுக்க மனிதர்கள் எடுக்கும் முடிவு. அந்த முடிவை அரங்கில் எடுக்கிறார்களா, தலைமை அலுவலகத்திலா, விளம்பர நேரத்தை வாங்கி விற்பவர்களா என்பது உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. 'எங்கள் கையில் இல்லை' என்ற பதிலைப் பார்வையாளரிடம் சொல்வது சரியில்லை. டிக்கெட்டை உங்களிடம்தான் வாங்கினோம்.

அதன்பிறகு ஒரு மாத காலத்தில் வேறு மூன்று அரங்குகளுக்குத் தனியாகப் போனேன். மூன்றும் குழந்தைகள் நிறைய வந்த அனிமேஷன் படக் காட்சிகள். கையில் ஒரு நோட்டு. முதல் அரங்கில் 17 நிமிடம், நான்கு டிரெய்லர். அதில் ஒன்றுகூடக் குழந்தைகளுக்கானது இல்லை. இரண்டாவது அரங்கில் 20 நிமிடம். அங்கே ஒரு பையன் இருக்கைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டதை நான் பார்த்தேன். அவனுடைய அம்மா கைப்பேசியில் ஏதோ பாட்டைப் போட்டு அவன் காதருகே வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அரங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். துறையூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒற்றைத் திரை, பழைய கட்டடம், மின்விசிறியும் உண்டு, ஏசியும் உண்டு. டிக்கெட் 100 ரூபாய்க்குள். விளம்பரம் ஆறு நிமிடம், டிரெய்லர் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு குடும்பப் படம். படம் தொடங்கிய பிறகும் இரண்டு பக்கவாட்டு விளக்குகளை அணைக்காமல் மங்கலாக விட்டிருந்தார்கள். பிள்ளைகள் நடைபாதையில் இறங்கி ஆடினார்கள், யாரும் அதட்டவில்லை. சத்தமும் இதமாக இருந்தது. இடைவேளையில் ஆபரேட்டர் வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "குட்டிப் பசங்க நிறைய வந்திருக்காங்கல்ல, அதான் சவுண்டைக் குறைச்சு வச்சேன். லைட்டு இல்லேன்னா அழும்ங்க" என்றார். அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. கேபினின் சின்ன ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மூன்று திரை, ஐந்து திரை என்று நடத்துகிற நீங்கள் அவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். அரங்கின் ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை அளவு இருக்கும். 7 என்பது ஒலிக்கலவை செய்யும்போது வைத்துக்கொள்ளும் அளவு. அந்த 7இல் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்குச் சரிபார்த்து வைப்பார்கள். உச்சக்கட்டத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனித்தனியாகவே 105 வரை போக முடியும். இன்னொரு பக்கம், காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் கொடுத்த அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் 90 டெசிபல் என்றால் ஒரு குழந்தைக்கு வாரம் முழுக்கச் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்தான் வருகிறது. தியேட்டர் ஹெட்ஃபோன் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் காது அதே காதுதானே. ஒலியைக் குறைக்க முடியாது, படைப்பாளியின் நோக்கம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் ஒரு பெரிய தமிழ்ப் படம் வெளியானபோது சத்தம் தாங்க முடியவில்லை என்று முதல் நாளே ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தப் படத்தின் தயாரிப்பாளரே அரங்குகளிடம் 2 புள்ளி குறைக்கச் சொன்னார். பெரியவர்கள் கத்தியபோது குறைத்தீர்கள். குழந்தைகளால் அப்படிக் கேட்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது காதைப் பொத்திக்கொள்வதும் அழுவதும்தான்.

வயது விஷயத்தில் சட்டம் உங்களுக்கு முன்னால் போய்விட்டது. 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி UA என்ற ஒரே பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒன்றில்லை என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. பெரியவர்களுக்கு மட்டும் என்ற A சான்றிதழ் படங்களுக்குக் குழந்தைகளோடு வந்தவர்களை 2025 ஆகஸ்டில் பல மல்டிபிளெக்ஸ்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. முன்பதிவு செய்துவிட்டு வந்த குடும்பங்கள் கோபப்பட்டன. அப்போது உங்கள் ஊழியர்கள் சட்டத்தை எடுத்துச் சொன்னார்கள். நான் அதை வரவேற்றவன். அதே ஊழியர்களை வைத்துக்கொண்டு, அதே கட்டடத்தில், U படம் பார்க்க வந்த குழந்தைகளுக்கு வெட்டுக் காட்சிகளைக் காட்டுகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. A படத்துக்கு என் மகளை நான் கூட்டி வந்தால் அது என் தவறு. U படத்துக்குக் கூட்டி வந்தேன். அங்கே நடந்தது என் தவறில்லை.

புகையிலை எச்சரிக்கைப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலைக்கு எதிரான பிரசாரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் தாத்தா சுருட்டால் போனவர். 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதி, புகையிலைப் பொருளோ அதைப் பயன்படுத்தும் காட்சியோ உள்ள படங்களுக்குத்தான் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 வினாடி எச்சரிக்கையைக் கட்டாயமாக்குகிறது. அன்று நாங்கள் போனது விலங்குகள் பேசும் படம். அதில் பீடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை என்று பின்னர் நான் தனியாக முழுப் படத்தையும் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். எல்லாப் படத்துக்கும் ஒரே வரிசையைத் தூக்கிப் போடும் பழக்கம்தான் காரணம்.

விளம்பரமே கூடாது என்று நான் கேட்கவில்லை. திருச்சியின் கெயிட்டி, மாரிஸ் தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்தவன் நான். சென்னையில் சாந்தி தியேட்டர் போனது, உதயம் போனது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு தியேட்டர் கல்யாண மண்டபமாகவோ கடைத்தொகுதியாகவோ மாறிவிட்டது. ஏசிக்கான மின்கட்டணம் என்ன, ஓடாத படத்துக்கும் காட்சி போட வேண்டிய நெருக்கடி என்ன என்பதை என் தோழன் மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறான். விளம்பர வருமானம் இல்லாமல் அரங்கு நடத்த முடியாது. நடத்துங்கள். நகைக்கடை வரட்டும், சிமெண்ட் வரட்டும். ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம், எந்த டிரெய்லர் என்பதில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்ற நினைப்பு வேண்டும். பெங்களூரில் ஒருவர், விளம்பரத்தால் தன் 25 நிமிடம் வீணானது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் 2025 பிப்ரவரியில் தனக்குச் சாதகமாக உத்தரவு வாங்கினார். பிறகு கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அவர் கேட்டது தன் நேரத்துக்கு ஈடு. நான் கேட்பது அதைவிட எளிமையானது, யாரும் வழக்குக்குப் போகாமலே நீங்கள் செய்துவிடக்கூடியது.

வெளிநாட்டில் இது ஏற்கெனவே நடக்கிறது. அமெரிக்காவில் டிரெய்லருக்கு முன் ஒரு பச்சை அட்டை வரும். இந்தப் படத்தோடு சேர்த்துக் காட்ட ஒப்புதல் பெற்றது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். எந்த டிரெய்லர் எந்தப் படத்தோடு போகலாம் என்று பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். அங்கேயே ஒரு பெரிய திரையரங்கக் குழுமம் 2007இலிருந்து ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக விளக்கை முழுதாக அணைக்காமலும் ஒலியைக் குறைத்தும் தனிக் காட்சிகள் நடத்துகிறது. நம் ஊரிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரில் பலர் தியேட்டர் பக்கமே வருவதில்லை. அவர்களைத் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான விளக்கு எரியும் காட்சி இருந்தால் அவர்கள் குடும்பத்தோடு வருவார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று வாசலில் மகளுடைய தண்ணீர் பாட்டிலையும், அம்மா டப்பாவில் போட்டு எடுத்து வந்த வாழைப்பழத் துண்டுகளையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். வெளி உணவைத் தடுக்க அரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் இலவசக் குடிநீரைப் பற்றியும், பெற்றோரோடு வரும் குழந்தைக்குத் தேவையான அளவு உணவை எடுத்துவரலாம் என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டது. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் வாசலில் நிற்கும் ஊழியருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, தமிழ்க் காட்சிகள். அந்த வாரம் எங்கள் ஊரில் அந்தப் படத்துக்குத் தமிழில் நாளுக்கு ஒரு காட்சி, ஆங்கிலத்தில் நான்கு. மாலை ஆறு மணிக் காட்சியும் ஆங்கிலம்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கில வசனமும் புரியாது, கீழே ஓடும் எழுத்தையும் படிக்கத் தெரியாது. அப்பாயியும் பேத்தியும் சேர்ந்து வந்தால் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி தமிழ்தான். ஆட்கள் வர மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். 2019இல் லயன் கிங் தமிழில் வந்தபோது அரவிந்த்சாமியின் குரலுக்காகவும், சிங்கம்புலியும் மறைந்த ரோபோ சங்கரும் சேர்ந்து செய்த அமர்க்களத்துக்காகவும் பாட்டி தாத்தாக்கள்கூட வந்து சிரித்தார்கள். நல்ல நேரத்தில் காட்சி வைத்தால் வருகிறார்கள்.

அடுத்து, சான்றிதழ் வாரியத்துக்கு. டிரெய்லருக்கும் நீங்கள்தான் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ் சில வினாடிகள் திரையில் தெரிந்துவிட்டுப் போகிறது. அதைப் பார்த்து எழுந்து ஓட ஒரு தகப்பனுக்கு நேரமில்லை. இருட்டில், நடு வரிசையில், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அடுத்தவர் காலைத் தாண்டி வெளியே போவதற்குள் அரிவாள் இறங்கிவிடும். UA 7+ என்ற முத்திரை படத்துக்கு எவ்வளவு அவசியமோ, அதைவிட டிரெய்லருக்கு அவசியம். படத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் போகிறோம். டிரெய்லரை யாரும் தேர்ந்தெடுத்துப் போவதில்லை. அதனால் ஒரு படத்துக்கு முன்னால் காட்டும் டிரெய்லர்களின் பிரிவு அந்தப் படத்தின் பிரிவைத் தாண்டக் கூடாது என்று தெளிவாக எழுதி, எல்லா அரங்குகளுக்கும் அனுப்புங்கள். பேய்ப் பட டிரெய்லர்களைப் பார்க்கும்போது ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாத அந்தக் கைதான் என் மகளைப் பதினோரு இரவு தூங்கவிடவில்லை. ஆய்வுக் குழுவில் சிறு குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களை, பால்வாடி ஆசிரியரையோ குழந்தை மனநல மருத்துவரையோ, உட்கார வையுங்கள். மீறும் அரங்கைப் பற்றி எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது என்பதைத் தமிழில், ஒவ்வொரு அரங்கின் டிக்கெட் கவுண்டரிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

திரையரங்க உரிமையாளர்களே, உங்களிடம் கேட்பவை இவை. U சான்றிதழ் பெற்ற படத்தின் காட்சிக்குத் தனி ப்ளேலிஸ்ட் போடுங்கள். அதில் U டிரெய்லர் மட்டும் இருக்கட்டும். U டிரெய்லர் கையில் இல்லையென்றால் டிரெய்லரே வேண்டாம். விளம்பரமும் டிரெய்லரும் சேர்ந்து பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படம் உண்மையில் தொடங்கும் நேரத்தை டிக்கெட்டிலும் முன்பதிவுப் பக்கத்திலும் போடுங்கள். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்த நேரத்துக்கு உள்ளே வந்துகொள்வார்கள். புகையிலைக் காட்சி இல்லாத குழந்தைகள் படத்துக்கு அந்த எச்சரிக்கைப் படத்தை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் காலைக் காட்சி ஒன்றையாவது விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியை இரண்டு புள்ளி குறைத்து நடத்துங்கள். அதை முன்பதிவுப் பக்கத்தில் தெரியும்படி எழுதுங்கள். அனிமேஷன் படத்துக்குத் தமிழ்க் காட்சி ஒன்றை மாலை ஆறு மணிக்கு வையுங்கள். குழந்தையின் தண்ணீரையும் சிறு டப்பா உணவையும் உள்ளே விடச் சொல்லி வாசல் ஊழியருக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். ஒரு திரைக்கு இருபது என்று திண்டு மெத்தை வாங்கி வையுங்கள், மடங்கும் இருக்கையில் போட்டுக்கொள்ள. முழு டிக்கெட் வாங்கும் பிள்ளைக்கு உட்காரும் இடமாவது முழுதாக இருக்கட்டும்.

உங்கள் சங்கங்கள் கூடிப் பேசி, இவற்றில் எதை எப்போது செய்வீர்கள் என்று கோடை விடுமுறைக்கு முன்னால் பொதுவில் அறிவியுங்கள். முடியாது என்பது எதுவோ, அதையும் காரணத்தோடு எழுதுங்கள், படித்துப் புரிந்துகொள்கிறேன். மே மாதத்தில் வரும் அனிமேஷன் படத்துக்கு மகளை மறுபடி கூட்டிப்போகலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அவளும் ஒருமுறை கேட்டாள், "அந்தக் கை வருமா?" என்று. வராது என்று நான் அவளிடம் உறுதியாகச் சொல்லும்படி எனக்கு ஒரு பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு தகப்பன்